எம்டன் பாறையில் ஏறிய பிறகும் சிட்னி சுட்டது ஏன்? கப்பலில் இறங்காத கொடி பற்றி

கலங்கரை எழுதியது:

ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் என்றதும் நம் சென்னையில் பேச்சு, அது ஊர்மீது குண்டு வீசிய 1914 செப்டம்பர் 22 இரவோடு நின்றுவிடுகிறது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தது, உயர் நீதிமன்ற மதிலில் பதித்த கல்வெட்டு, மூட்டை முடிச்சுகளோடு ஊரைவிட்டுக் கிளம்பிய குடும்பங்கள் எல்லாம் தெரிந்த கதை. நான் கேட்க வந்தது அதே கப்பலின் கடைசி மாலையைப் பற்றி.

நவம்பர் 9. இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளில் இருந்த தந்தி நிலையத்தை உடைக்கப் போன எம்டனை ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி மடக்கியது. எம்டனிடம் பத்து 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள். சிட்னியிடம் எட்டு 6 அங்குலப் பீரங்கிகள். குண்டின் கனமும் எட்டும் தூரமும் சிட்னிக்கே சாதகம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீடித்த சண்டையில் எம்டனின் மூன்று புகைபோக்கிகளும் முன் கொடிமரமும் சாய்ந்தன. கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் கப்பலை வடக்கு கீலிங் தீவின் பவளப்பாறையில் ஏற்றி நிறுத்தினார். சிட்னி அதை அங்கேயே விட்டுவிட்டு, எம்டனுக்கு நிலக்கரி சுமந்து வந்த பூரெஸ்க் கப்பலைத் துரத்திப் போனது. மாலை 4 மணி வாக்கில் திரும்பி வந்தபோது எம்டனின் கொடி இன்னும் மேலே பறந்துகொண்டிருந்தது. சிட்னியின் கேப்டன் ஜான் குளோசப் மறுபடி சுட உத்தரவிட்டார். அதில் மேலும் சிலர் இறந்தார்கள்.

ஓடவும் வழியில்லை, திருப்பி அடிக்கவும் வலுவில்லை. தளமெங்கும் காயம்பட்டவர்கள். ஒரு துணி இறங்கவில்லை என்பதற்காக அவர்கள்மீது குண்டு வீசியது எந்த நியாயத்தில் சேரும்? எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் ஆறவில்லை. கடற்படை நடைமுறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிக்னல் மாஸ்டர் எழுதியது:

தம்பி, தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் அந்த அரை மணி நேரத்தை வரிசையாகப் பார்த்துவிடுவோம். குளோசப் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் நேரம் உட்பட எல்லாம் இருக்கிறது.

திரும்பி வந்தவுடன் அவர் சுடவில்லை. சர்வதேசக் குறியீட்டுக் கொடிகளை ஏற்றி, சரணடைகிறாயா என்று கேட்டார். எம்டனிலிருந்து மோர்ஸ் குறியீட்டில் பதில் வந்தது: எந்தச் சிக்னல்? எங்களிடம் சிக்னல் புத்தகம் இல்லை. தோற்கும் நிலை வந்துவிட்டால் குறியீட்டுப் புத்தகங்களை அழித்துவிடுவது எல்லாக் கடற்படைகளிலும் வழக்கம், அதனால் அந்தப் பதிலில் ஐயப்பட ஒன்றுமில்லை. உடனே சிட்னி அதே கேள்வியை மோர்ஸில் கேட்டது. பதில் இல்லை. என் செய்தி கிடைத்ததா என்று கேட்டது. அதற்கும் பதில் இல்லை. பூரெஸ்க்கில் பிடிபட்ட ஜெர்மன் அதிகாரிகள் அப்போது சிட்னியில் கைதிகளாக இருந்தார்கள். தங்கள் கேப்டன் ஒருநாளும் சரணடைய மாட்டார் என்ற எண்ணத்தை அவர்கள் குளோசப்புக்கு ஏற்படுத்தினார்கள். 4.30-க்குச் சுட ஆரம்பித்தார், மனமில்லாமல்தான் சுட்டேன் என்றும் எழுதியிருக்கிறார். 4.35-க்கு நிறுத்தினார். எம்டனில் வெள்ளைத் துணி தெரிந்தது, ஒரு மாலுமி மேலே ஏறிக் கொடியை இறக்கினான்.

அந்த மாலுமியைக் கொஞ்சம் கவனியுங்கள். கொடியை இறக்க யாரும் கம்பத்தில் ஏற வேண்டியதில்லை. தளத்தில் நின்றபடி கொடிக்கயிற்றின் முடிச்சை அவிழ்த்து இழுத்தால் கீழே வந்துவிடும். ஆள் ஏற வேண்டியிருந்தது என்றால் கயிறு அறுந்தோ மேலே சிக்கிக்கொண்டோ இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். காலை முழுவதும் குண்டு விழுந்த கப்பலில் கயிறு முழுதாக இருந்திருந்தால்தான் வியப்பு. இறக்கிய கொடியை அங்கேயே எரித்துவிட்டார்கள், எதிரியின் கைக்குப் போகக் கூடாது என்று.

துணி என்று சொன்னீர்கள். தொலைவில் நிற்கும் ஒரு கப்பல் இன்னும் சண்டையில் இருக்கிறதா இல்லையா என்பதை அந்தத் துணி ஒன்றுதான் சொல்லும். மேலே இருந்தால் சண்டை நடக்கிறது. இறங்கினால் முடிந்தது. குளோசப் நடைமுறை வழுவாமல்தான் நடந்தார்.

சட்டக்கோல் எழுதியது:

ஐயா சொன்ன வரிசை முழுக்கச் சரி. அதிலிருந்து அவர் எட்டும் முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

போர் நடத்தை பற்றிய 1907-ஆம் ஆண்டு ஹேக் விதிகளின் 23-ஆம் பிரிவு, ஆயுதத்தைக் கீழே போட்டோ தற்காத்துக்கொள்ள வழியில்லாமலோ சரணடைந்தவனைக் கொல்வதைத் தடை செய்கிறது. அது தரைப்போருக்கு எழுதிய விதி, அதிலும் சரணடைந்தவன் என்ற நிபந்தனை உண்டு. இரண்டையும் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த விதி எதைக் காக்க வந்தது? எதிர்க்க முடியாதவனின் உயிரை. சிட்னியில் தொலைநோக்கி இருந்தது. எம்டனின் நிலை காலை 11.20-க்கே தெரிந்துவிட்டது. தெரிந்ததால்தானே அதை விட்டுவிட்டு நிலக்கரிக் கப்பலைத் துரத்தப் போனார்? காலையில் ஆபத்தில்லை என்று முதுகைக் காட்டிப் போன கப்பல் மாலையில் எப்படி ஆபத்தாகிவிடும்?

கைதிகள் சொன்னதை நம்பிச் சுட்டார் என்பது அதைவிட மோசமான காரணம். எந்தக் கைதி தன் கேப்டன் சரணடைந்துவிடுவார் என்று எதிரியிடம் சொல்வான்? ஒரு படகை இறக்கி வெள்ளைக் கொடியோடு ஓர் அதிகாரியை அனுப்பியிருக்கலாம். மறுநாள் அதைத்தானே செய்தார். மனிதநேயத்தின் பெயரால் சரணடையுமாறு கேட்டு முல்லருக்குக் கடிதமே எழுதினார். அந்தக் கடிதம் ஒரு நாள் முன்னால் போயிருக்க வேண்டும்.

சிக்னல் மாஸ்டர் எழுதியது:

படகு யோசனை நல்லது. ஆனால் எம்டனில் நீருக்கடியில் டார்பிடோக் குழாய்கள் இருந்தன. அவை வேலை செய்கின்றனவா இல்லையா என்பதைத் தொலைநோக்கியால் பார்க்க முடியாது. டார்பிடோ தூரத்துக்குள் கப்பலைக் கொண்டுபோய் நிறுத்திப் படகு இறக்க எந்தக் கேப்டனும் தயங்குவார். கப்பலில் இருந்த 400-க்கும் மேற்பட்ட தன் ஆட்களின் உயிருக்கு அவர்தான் பொறுப்பு என்றும் பாருங்கள்.

அதைவிட முக்கியம், குளோசப் தலைமுறை அதிகாரிகள் மறக்க முடியாத ஒரு சம்பவம் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னால்தான் நடந்திருந்தது. 1905 மே 28, சுஷிமா கடற்போரின் இரண்டாம் நாள். ரஷ்ய அட்மிரல் நெபகாதவ் மிச்சமிருந்த கப்பல்களோடு சரணடைய முடிவு செய்து, சர்வதேசக் குறியீட்டில் சரணடைகிறேன் என்று பொருள்படும் எக்ஸ், ஜி, ஈ கொடிகளை ஏற்றினார். அந்தக் குறியீடு ஜப்பானியர்களின் புத்தகத்தில் இல்லை. அவர்கள் தொடர்ந்து சுட்டார்கள். சாப்பாட்டு மேசை விரிப்பை வெள்ளைக் கொடியாக ஏற்றினார் நெபகாதவ். அப்போதும் நிற்கவில்லை. ஜப்பானியக் கொடியையே தன் கப்பலில் ஏற்றினார். ஜப்பானிய அட்மிரல் டோகோவின் பக்கத்தில் நின்ற அதிகாரி அகியாமா, நிறுத்திவிடலாம் என்று மன்றாடினார். கப்பல்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன, எஞ்சின் நிற்கட்டும் என்பதே டோகோவின் நிலை. எஞ்சின் நின்ற பிறகுதான் பீரங்கிகளும் ஓய்ந்தன.

டோகோ கல்நெஞ்சர் என்று நினைத்துவிட வேண்டாம். 1894 ஜூலை 25-இல் கொரியக் கரையோரம் நடந்த மோதலில் அவர் நனிவா கப்பலின் கேப்டன். அன்று சீனக் கப்பல் ஜியுவான் வெள்ளைக் கொடி ஏற்றியது, ஜப்பானியக் கொடியையும் ஏற்றியது. ஏற்றியபடியே தப்பி ஓடிவிட்டது. அதைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

காசிமேடு எழுதியது:

ஐயா, எனக்கு ஒரு சந்தேகம். கொடிக்கு இவ்வளவு மரியாதை என்றால் எம்டன் பொய்யாக நாலாவது புகைபோக்கி வைத்துக்கொண்டு ஊர் ஊராக ஏமாற்றியதே, அது சரியா? பொய்க் கொடியும் ஏற்றலாமா?

பினாங்குத் தமிழன் எழுதியது:

நாலாவது புகைபோக்கியைப் பற்றிப் பேச எங்கள் ஊர்க்காரன் ஒருவன் வேண்டாமா?

எம்டனுக்கு உண்மையில் மூன்று புகைபோக்கிகள். பிரிட்டிஷ் கப்பல் யார்மவுத்துக்கு நான்கு. 1914 அக்டோபர் 28 விடியற்காலையில் பினாங்குத் துறைமுகத்துக்குள் நான்கு புகைபோக்கிகளோடு ஒரு கப்பல் நுழைந்தபோது யாரும் பதறவில்லை. ரஷ்யக் கப்பல் ஜெம்சுக் நங்கூரமிட்டுக் கிடந்தது. அதன் கேப்டன் கரையில் ஹோட்டலில் இருந்தார். அருகில் வந்ததும் எம்டன் ஜெர்மன் போர்க்கொடியை ஏற்றியது, அதன் பிறகே டார்பிடோவை விட்டது. சற்று நேரத்தில் ஜெம்சுக் இரண்டாகப் பிளந்து மூழ்கியது. வெளியேறும் வழியில், ரோந்து முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த பிரெஞ்சுக் கப்பல் மூஸ்கேவையும் மூழ்கடித்தார்கள். நின்று, தண்ணீரில் தத்தளித்த பிரெஞ்சு மாலுமிகளை எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு எதிரில் வந்த நியூபர்ன் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலை மறித்து, பிடிக்காமல், காயம்பட்டவர்களைச் சபாங் துறைமுகத்தில் சேர்க்கச் சொல்லி ஒப்படைத்துவிட்டார்கள்.

ரஷ்ய மாலுமிகளின் நினைவுச்சின்னம் இங்கே வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. பினாங்கு வந்தால் கோயில், சாப்பாடு என்று சுற்றுவதோடு அங்கேயும் போய் நில்லுங்கள்.

சட்டக்கோல் எழுதியது:

காசிமேடு தம்பிக்கு நேரான பதில்: வேடம் போடலாம். வேறு நாட்டுக் கொடியைக்கூட ஏற்றிக்கொண்டு நெருங்கலாம். ஆனால் முதல் குண்டு கிளம்பும்போது சொந்தக் கொடி மேலே இருக்க வேண்டும். தரையில் எதிரியின் கொடியையும் சீருடையையும் முறைகேடாகப் பயன்படுத்துவதை ஹேக் விதிகள் தடை செய்தன. கடலில் மட்டும் பழைய வழக்கம் தொடர்ந்தது. கடற்போர்ச் சட்டங்களைப் பற்றி 1994-இல் தொகுக்கப்பட்ட சான் ரெமோ கையேட்டின் 110-ஆம் பத்தியும் இதைத்தான் சொல்கிறது: பொய்க்கொடி பறக்கும்போது தாக்குதல் தொடுக்கக் கூடாது.

பிரிட்டிஷ்காரர்களும் செய்தார்கள். 1942 மார்ச் 28 அதிகாலை, பிரான்ஸின் செயிண்ட் நசேர் துறைமுகத்தில் உலர்துறைக் கதவை இடித்துத் தகர்க்க வெடிமருந்து ஏற்றிக்கொண்டு போன காம்ப்பெல்டவுன் கப்பல் ஜெர்மன் கொடியோடுதான் ஆற்று முகத்தில் நுழைந்தது. சண்டை தொடங்கும் நேரத்தில் அதை இறக்கிவிட்டுத் தங்கள் கடற்படையின் போர்க்கொடியை ஏற்றியது.

ஆஸ்திரேலியர்களுக்கு ஆறாத புண் வேறொன்று. 1941 நவம்பர் 19. அதே சிட்னி என்ற பெயர் தாங்கிய இரண்டாவது கப்பல், மேற்கு ஆஸ்திரேலியக் கடலில் ஒரு டச்சு வணிகக் கப்பலைச் சந்தித்தது. ஸ்ட்ராட் மலாக்கா என்று அது பெயர் சொன்னது. உண்மையில் அது ஜெர்மன் போர்க்கப்பல் கோர்மோரன். உண்மையான ஸ்ட்ராட் மலாக்காவுக்கு நான்கெழுத்து ரகசிய அழைப்புக்குறி இருந்தது. சிட்னி அதன் நடு இரண்டு எழுத்துகளைக் கொடியில் ஏற்றி, மீதியை ஏற்றிக் காட்டு என்று கேட்டது. கோர்மோரனுக்கு விடை தெரியாது. கேப்டன் டெட்மர்ஸ் டச்சுக் கொடியை இறக்கி ஜெர்மன் கொடியை ஏற்றச் சொல்லிவிட்டுச் சுட உத்தரவிட்டார். சிட்னியில் இருந்த 645 பேரும் மாண்டார்கள், ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கோர்மோரனும் மூழ்கியது, அதில் பெரும்பாலோர் தப்பினார்கள்.

சாட்சி ஒரு பக்கம் மட்டும் இருந்ததால் சந்தேகம் எழுந்தது. டச்சுக் கொடி பறக்கும்போதே சுட்டிருப்பார்கள் என்று பல்லாண்டுகள் பேசினார்கள், எழுதினார்கள். 2008 மார்ச்சில் இரண்டு கப்பல்களும் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டன. 2009-இல் வெளிவந்த விசாரணை ஆணைய அறிக்கை அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று முடித்தது. 645 குடும்பங்களுக்கு அந்த ஒரு கொடி இறங்கிய நொடி எவ்வளவு பெரிய கேள்வியாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சிக்னல் மாஸ்டர் எழுதியது:

அருமையாகச் சொன்னீர்கள். அதோடு இன்னொன்று. அன்றைய ஜெர்மன் போர்க்கொடி வெள்ளைத் துணியில் கறுப்புச் சிலுவை, நடுவில் கழுகு, மூலையில் கறுப்பு வெள்ளை சிவப்புப் பட்டைகள். பிரிட்டிஷ் போர்க்கொடியும் வெள்ளைத் துணிதான், சிவப்புச் சிலுவை, மூலையில் யூனியன் ஜாக். புகையிலும் மூடுபனியிலும் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அதனால்தான் முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் கப்பல்கள் தங்கள் போர்க்கொடியோடு யூனியன் ஜாக்கையோ சிவப்புக் கொடியையோ சேர்த்துப் பறக்கவிட்டன. 1916 மே 31 ஜட்லாண்ட் போரில் ஒவ்வொரு கப்பலிலும் பல கொடிகள்.

பல கொடிகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரே கொடி பறந்து, அதன் கயிற்றைக் குண்டு அறுத்துவிட்டால் எதிரி என்ன நினைப்பான்? சரணடைந்துவிட்டான் என்றுதானே. சொந்தப் படையும் அப்படியே நினைத்துவிடும். 1797 அக்டோபர் 11, டச்சுக் கடலோரம் காம்பர்டவுன் போர். பிரிட்டிஷ் அட்மிரல் டங்கனின் வெனரபிள் கப்பலில் பாய்மர உச்சி முறிந்து அவருடைய கொடி கீழே விழுந்தது. சண்டர்லாந்து ஊர்க்காரரான ஜாக் க்ராஃபர்ட் என்ற இளம் மாலுமி, சுற்றிலும் குண்டு பறக்க, மேலே ஏறிக் கொடியை ஆணியடித்து மாட்டினார். ஆணி அடித்த கொடியை இறக்க முடியாது அல்லவா? அதுதான் அதன் பொருள். அரசர் ஆண்டுக்கு 30 பவுண்டு ஓய்வூதியம் கொடுத்தார். பிற்காலத்தில் வறுமை. 1831-இல் சண்டர்லாந்தில் காலரா வந்தபோது இறந்துபோனார். சிலை வைத்தது 1890-இல்.

ஆணி அடித்தவரே பிடுங்க நேர்ந்த கதையும் உண்டு. 1779 செப்டம்பர் 23, இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் அமெரிக்கக் கேப்டன் ஜான் பால் ஜோன்ஸோடு மோதிய செராபிஸ் கப்பலின் கேப்டன் பியர்சன், சண்டைக்கு முன் கொடியைக் கம்பத்தில் ஆணியடித்திருந்தார். கடைசியில் தன் கையாலேயே அதைப் பிய்த்து எடுத்துச் சரணடைந்தார்.

குளோசப்பைக் குறை சொல்பவர்கள் 1813 ஜூன் 1-ஐயும் நினைக்க வேண்டும். பாஸ்டனுக்கு வெளியே பிரிட்டிஷ் கப்பல் ஷானன், அமெரிக்கக் கப்பல் செஸபீக்கைப் பதினைந்து நிமிடத்துக்குள் வென்றுவிட்டது. ஷானனின் லெப்டினன்ட் வாட், பிடிபட்ட கப்பலில் அமெரிக்கக் கொடிக்கு மேலே பிரிட்டிஷ் கொடியை ஏற்ற வேண்டும். கயிறு சிக்கலாகி அமெரிக்கக் கொடி மேலே, பிரிட்டிஷ் கொடி கீழே என்று ஏறிவிட்டது. அதைப் பார்த்த ஷானனின் பீரங்கிக்காரர்கள், சண்டை இன்னும் முடியவில்லை என்று சுட்டார்கள். வாட்டும் உடனிருந்த சிலரும் சொந்தக் கப்பலின் குண்டிலேயே இறந்தார்கள். ஒரு கயிற்றுச் சிக்கல். அவ்வளவுதான்.

தறிநூல் எழுதியது:

இத்தனை பேரும் கொடியின் பொருளைப் பேசுகிறீர்கள். கொடியைப் பற்றியும் யாராவது பேச வேண்டும். நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள், அதனால் என் கண் துணியில்தான் போய் நிற்கிறது.

அக்காலக் கப்பல் கொடி பட்டும் இல்லை, பருத்தியும் இல்லை. பன்டிங் என்ற கம்பளித் துணி. சல்லடைபோல இடைவெளி விட்டு நெய்தது. காற்று உள்ளே புகுந்து போகும், அதனால் சட்டென்று கிழியாது. நனைந்தாலும் விரைவில் காயும், லேசான காற்றுக்கும் எழும்பும். அகலம் குறைந்த துண்டுகளாகத் தறியிலிருந்து வரும், அவற்றைப் பக்கம் பக்கமாக வைத்துத் தைக்க வேண்டும். 1805 டிராஃபல்கர் போரில் ஸ்பார்ட்டியேட் என்ற பிரிட்டிஷ் கப்பலில் பறந்த யூனியன் ஜாக் 31 துண்டுகளைச் சேர்த்துத் தைத்தது, தைத்தவர்கள் அந்தக் கப்பலின் ஆட்களே. போருக்குப் பிறகு அதை அவர்கள் லெப்டினன்ட் ஜேம்ஸ் கிளெஃபனுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். கிளெஃபன் யார் தெரியுமா? ஸ்காட்லாந்து நெசவாளி. கட்டாயமாகப் பிடித்துக் கடற்படையில் சேர்க்கப்பட்டு, அங்கிருந்து அதிகாரியாக உயர்ந்தவர். அவர் குடும்பம் தலைமுறைகளாகக் காத்த அந்தக் கொடி 2009 அக்டோபர் 21-இல், போர் நடந்த அதே தேதியில், 3,84,000 பவுண்டுக்கு ஏலம் போனது. குண்டும் மரச்சிம்பும் கிழித்த ஓட்டைகள் அதில் அப்படியே இருக்கின்றன.

அளவைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அதே போரில் பிடிபட்ட ஸ்பானியக் கப்பல் சான் இல்டிஃபோன்ஸோவின் கொடி கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுமார் 10 மீட்டருக்கு 14.5 மீட்டர். ஒரு வீட்டு மனையை மூடிவிடும். 1806 ஜனவரி 9-இல், அந்தப் போரில் இறந்த பிரிட்டிஷ் அட்மிரல் நெல்சனின் இறுதிச் சடங்கின்போது அதை லண்டன் செயிண்ட் பால் தேவாலயத்தில் தொங்கவிட்டார்கள். அன்றுதான் அவருடைய விக்டரி கப்பலின் மாலுமிகள், நெல்சனோடு புதைக்க மடித்துத் தந்த கொடியைச் சடங்கின் நடுவிலேயே கிழித்துத் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டார்கள். அதை யாரும் அவமரியாதையாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் மனத்தில் உயர்ந்த இடம் அமீலியா ஃபவுலருக்கு. அமெரிக்கக் கடற்படை பிடித்த கொடிகளும் சொந்தக் கொடிகளும் 1849 முதல் அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் குவிந்து கிடந்தன. பூச்சி அரித்து, மடிப்பில் நொறுங்கி. 1912-இல் காங்கிரஸ் 30,000 டாலர் ஒதுக்கியது. ஃபவுலர் தையல் தெரிந்த பெண்களைத் திரட்டி 170-க்கும் மேற்பட்ட கொடிகளைக் காப்பாற்றினார். கொடியை லினன் துணிமேல் விரித்து, நூலை அந்தந்த இடத்தின் நிறத்துக்குச் சாயமேற்றி, வலைபோன்ற தையலால் முழுப் பரப்பையும் பிணைப்பது அவர் முறை. அதற்குக் காப்புரிமையும் வைத்திருந்தார். ஒரு சதுர அடிக்கு எத்தனை ஊசிக் குத்து என்று யோசித்தாலே கை வலிக்கிறது. இன்றைய பாதுகாப்பாளர்கள் அத்தனை தையல் போட மாட்டார்கள், ஒவ்வொரு குத்தும் பழைய இழையை வெட்டும். ஆனாலும் அந்தப் பெண்கள் இல்லையென்றால் இன்று பாதுகாக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது.

அந்தக் கொடிகளில் ஒன்று, நீலத் துணியில் வெள்ளை எழுத்தில் ‘கப்பலை விட்டுக்கொடுக்காதீர்கள்’ என்று தைத்த, அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஆலிவர் பெரியின் கொடி. தைத்தவர்கள் பென்சில்வேனியாவின் ஈரி ஊர்ப் பெண்கள். அந்த வாசகம், ஐயா மேலே சொன்ன செஸபீக் கப்பலின் கேப்டன் ஜேம்ஸ் லாரன்ஸ் சாகும் தறுவாயில் சொன்னது.

கலங்கரை எழுதியது:

தறிநூல் அம்மாவுக்கு நன்றி. பெரியின் கதையில்தான் என் கேள்விக்குப் பக்கத்தில் வருகிற ஒன்று இருக்கிறது.

1813 செப்டம்பர் 10, ஈரி ஏரிப் போர். பெரியின் கப்பலுக்குப் பெயரே லாரன்ஸ். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடி வாங்கி, ஆட்களில் ஐந்தில் நான்கு பங்கினர் செத்தோ காயம்பட்டோ போனார்கள். பெரி அந்த நீலக் கொடியை எடுத்துக்கொண்டு படகில் நயாகரா கப்பலுக்கு மாறினார். பின்னால் லாரன்ஸில் இருந்தவர்கள் தேசியக் கொடியை இறக்கிவிட்டார்கள். பிரிட்டிஷார் உடனே சுடுவதை நிறுத்தினார்கள். ஆனால் கப்பலைக் கைப்பற்ற ஆள் அனுப்ப முடியவில்லை. பெரி நயாகராவோடு திரும்பி வந்து போரை வென்றதும் லாரன்ஸில் கொடி மறுபடி ஏறியது. எதிரியின் சரணடைவை அவர் ஏற்றதும் அதே கப்பலில்தான்.

பாருங்கள், கொடி இறங்கியதும் அங்கே பீரங்கி ஓய்ந்தது, காயம்பட்டவர்கள் பிழைத்தார்கள். முல்லர் காலையிலேயே இறக்கியிருக்கலாம். இந்தப் பக்கத்தில் எல்லோரும் குளோசப்பைத்தான் விசாரிக்கிறோம், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கப்பலைப் பாறையில் ஏற்றி, குறியீட்டுப் புத்தகத்தை அழித்து, ஐந்து மணி நேரம் கொடியை மட்டும் மேலே விட்டுவைத்த கேப்டனையும் கேட்க வேண்டும். மறந்துவிட்டார் என்றால் அது பெரிய மறதி. வேண்டுமென்றே விட்டார் என்றால் அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தில் இறந்தவர்களுக்கு அவரும் பொறுப்பு.

காசிமேடு எழுதியது:

எம்டனிலிருந்து தீவில் இறங்கினவர்கள் தப்பித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவர்களிடம் கொடி இருந்ததா?

சிக்னல் மாஸ்டர் எழுதியது:

இருந்தது, அதனால்தான் தப்பித்தார்கள். ஃபான் முக்கே என்ற அதிகாரியின் தலைமையில் 50 பேர் டைரக்‌ஷன் தீவில் தந்தி நிலையத்தை உடைத்துக்கொண்டிருந்தார்கள். எம்டன் அவர்களை விட்டுவிட்டுச் சண்டைக்குப் போய்விட்டது. துறையில் அயீஷா என்ற 97 டன் பாய்மரக் கப்பல் நின்றிருந்தது. முக்கே அதில் ஜெர்மன் போர்க்கொடியை ஏற்றி, இது இனி ஜெர்மன் போர்க்கப்பல் என்று அறிவித்தார். சிட்னி அங்கே வருவதற்குள் கடலில் மறைந்துவிட்டார்கள்.

நவம்பர் 27-இல் சுமத்ராவின் படாங் துறைமுகம். அப்போது அதை ஆண்ட டச்சுக்காரர்கள் நடுநிலை. போர்க்கப்பல் என்றால் 24 மணி நேரம் தங்கிவிட்டுக் கிளம்பலாம், பிடிபட்ட வணிகக் கப்பல் என்றால் கதை வேறு. துறைமுக அதிகாரிகள் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார்கள். முக்கே விடவில்லை: கொடி பறக்கிறது, நான் நியமனம் பெற்ற அதிகாரி, இவர்கள் படைவீரர்கள், இது போர்க்கப்பல். அதைச் சாதித்து, உணவும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு வெளியேறினார். பிறகு சொய்சிங் என்ற ஜெர்மன் கப்பலுக்கு மாறி, அரேபியக் கரையில் இறங்கி, பாலைவனத்தில் தாக்குதலைச் சமாளித்து, 1915 மே மாதம் கான்ஸ்டான்டிநோபிள் சேர்ந்தார்கள்.

இதே வழக்கு 1779-இலும் டச்சுத் துறைமுகத்தில்தான் நடந்தது. பியர்சனை வென்ற ஜான் பால் ஜோன்ஸ், தன் கப்பல் மூழ்கிவிட்டதால் பிடித்த செராபிஸிலேயே டெக்ஸல் துறைமுகத்துக்குப் போனார். பறந்தது டச்சு அரசு அதுவரை அங்கீகரிக்காத ஒரு நாட்டின் கொடி. இவன் கடற்கொள்ளைக்காரன், பிடித்துக்கொடுங்கள் என்றார் பிரிட்டிஷ் தூதர். டச்சு அதிகாரிகள் அந்தக் கொடியை வண்ணத்தில் வரைந்து பதிவேட்டில் சேர்த்துக்கொண்டார்கள். சிவப்பு, வெள்ளை, நீலம் கலந்த பட்டைகளும் எட்டு முனை நட்சத்திரங்களும் கொண்ட அந்த ஓவியம் இன்றும் இருக்கிறது. பதிவேட்டில் ஏறிய கொடி என்பதால் ஜோன்ஸைக் கொள்ளைக்காரன் என்று ஒப்படைக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லாமல் போனது.

சட்டக்கோல் எழுதியது:

முல்லரைக் கேட்க வேண்டும் என்று கலங்கரை சொன்னது நியாயம். ஆனால் ஐயாவின் விதி, கொடி இறங்கினால் முடிந்தது என்பது, வென்றவனையும் கட்ட வேண்டும். ஸ்காட்லாந்தின் வடக்கே ஸ்காபா ஃப்ளோ என்ற பிரிட்டிஷ் கடற்படைத் துறையில் அது கட்டவில்லை.

1918 நவம்பர் 21-இல் ஜெர்மன் கப்பல்படை காவலில் ஒப்படைக்கப்பட்டபோது பிரிட்டிஷ் அட்மிரல் பீட்டி ஒரு சிக்னல் கொடுத்தார்: இன்று சூரியன் மறையும்போது ஜெர்மன் கொடி இறக்கப்படும், அனுமதியின்றி மீண்டும் ஏற்றக் கூடாது. ஏழு மாதம் கொடியில்லாமல் கிடந்தன அந்தக் கப்பல்கள். 1919 ஜூன் 21-இல் ஜெர்மானியர்கள் தண்ணீர்க் கதவுகளைத் திறந்து, 74 கப்பல்களில் 52-ஐத் தாங்களே மூழ்கடித்தார்கள். மூழ்கும்போது பல கப்பல்களில் கொடியை ஏற்றினார்கள். கப்பலை விட்டுப் படகுகளில் இறங்கியவர்களிடம் ஆயுதம் இல்லை. அன்று சுடப்பட்டு ஒன்பது ஜெர்மானியர்கள் இறந்தார்கள். அவர்கள் லைனஸ் கல்லறையில் கிடக்கிறார்கள்.

அங்கே பிரிட்டிஷாருக்கு டார்பிடோ பயம் இல்லை, குறியீட்டுப் புத்தகக் குழப்பமும் இல்லை. அதனால்தான் குளோசப்பின் ஐந்து நிமிடத்தை என்னால் எளிதில் விட முடியவில்லை. சட்டம் அவர் பக்கம் என்று ஏற்கிறேன். படகு அனுப்பியிருக்கலாம் என்பதை விடமாட்டேன்.

சிக்னல் மாஸ்டர் எழுதியது:

விட வேண்டாம். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் மோர்ஸில் இன்னொரு முறை கேட்டிருப்பேன், அதற்கும் பதில் வராவிட்டால் சுட்டிருப்பேன்.